நிலைமொழியும் வருமொழியும்

விசைத்தறியின் ஓசை கேளாத தெரு எமது ஜலகண்டாபுரத்தில் அரிது. அத்தறியின் மேல்தண்டு இருமுறை சுற்றும்போது அடித்தண்டு ஒருமுறையே சுற்றும் என்பதை இவ்வூர்ப் பிள்ளைகளும் அறிவர். அடித்தண்டில் பொருத்தப்பட்ட, ஒரு பக்கம் புடைத்த இரும்புச் சக்கரங்கள் மிதிகளை மாறி மாறி அழுத்தும். விழுதுகள் ஏறி இறங்கும். பாவு இரண்டாகப் பிரிந்து வாய் திறக்கும். நாடா ஊடை நூலுடன் பாயும். புடைப்பு உரிய வேளைக்குச் சற்றே முந்தினாலும் பிந்தினாலும் நூல் அறும்.

மோட்டார் சைக்கிளின் எஞ்சினுக்கும் இதே கணக்குத்தான். கிராங்க் ஷாப்ட் இருமுறை சுற்றினால் கேம் ஒருமுறை சுற்றும். அதன் ஒரு புடைப்பு வால்வைத் திறந்து, பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே விடும். மற்றொரு புடைப்பு வேறொரு வால்வைத் திறந்து, எரிந்த புகையை வெளியேற்றும். புடைப்பை உயரமாகவும் அகலமாகவும் அமைத்தால் வால்வு மிகுதியாகத் திறக்கும், நெடுநேரம் திறந்தும் நிற்கும். விரைந்து சுழலும் வேளையில் எஞ்சினுக்கு மூச்சு தாராளமாகக் கிடைக்கும், வேகம் கூடும். மெதுவாக ஓடும்போது இழுவை சற்றுக் குறைவதும் உண்டு.

எம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் இப்போது தறி பழுது பார்க்கும் தொழில் செய்கிறார். மறைந்த தந்தையார் அவருக்கு விட்டுச் சென்றது ஒரு பழைய புல்லட். சுற்று வட்டாரத்துத் தறிக்கூடங்களுக்கு அவரைச் சுமந்து செல்வதும் அதுவே. 1955இல் சென்னை மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டு நிறுவனமும் கைகோத்துத் தொடங்கி, திருவொற்றியூரில் நெடுங்காலம் உருவாக்கிய வண்டியின் வழிவந்தது அது. 70 மில்லி மீட்டர் விட்டமும் 90 மில்லி மீட்டர் ஓட்டமும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர். கொள்ளளவு 346 சி.சி. இதில் கேம் ஒரே நீண்ட தண்டாக இல்லை. வலப்புற மூடிக்குள் பற்சக்கரத்துடன் கூடிய இரு சிறு கேம்கள் தனித்தனி அச்சில் சுழல்கின்றன.

வேகம் தரும் புதிய கேம்களை அவர் வரவழைத்துப் பூட்டினார். அடையாளப் புள்ளிகள் நேருக்கு நேர் பொருந்தின. ஆயினும் ஸ்பானர் கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றியபோது ஓரிடத்தில் முட்டி நின்றது. அருகிருந்த நண்பர் ஒருவர், "கிக்கரை ஓங்கி மிதி, தானே வழிக்கு வரும்" என்றார். மாணவர் எம் முகத்தைப் பார்த்தார். "எங்கேயோ இடிக்கிறது, ஹஜ்ரத்" என்றார். "இடிக்கும் இடம் தெரியாமல் மிதிக்காதே, தம்பி" என்றோம். மிதித்திருந்தால் வால்வு வளைந்திருக்கும். பிஸ்டன் உடைந்திருக்கவும் கூடும்.

பின்னர் அவர் ஒவ்வொன்றாக ஆராய்ந்ததை உடனிருந்து கண்டோம். மேல்மூடியைத் திறந்து பார்த்தால், வால்வு முழுதும் திறக்கும் நிலையில் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்றன. மேலும் அமுங்க அதற்கு இடமில்லை, முட்டியது அங்கேதான். அடுத்து, புதிய கேமின் புடைப்பில்லாத வட்டப் பகுதி பழையதினும் சிறுத்திருந்தது. உயரம் கூட்டுவதற்காக அடிவட்டத்தைக் குறைத்துக் கடைவது வழக்கம். அதனால் வால்வைத் தள்ளும் புஷ்ராடுகள் நீளம் போதாமல் ஆயின; திருகாணியை எல்லைவரை திருகியும் இடைவெளி அடங்கவில்லை. ஒரு கேம் தன் அச்சில் பக்கவாட்டில் ஆடவும் செய்தது.

எஞ்சியது பிஸ்டனின் தலை. மாணவர் அதன்மேல் மென்களிமண்ணை அப்பி, மூடி, இரு சுற்றுச் சுற்றித் திறந்தார். வால்வு பதிந்த தடத்தை வெட்டிக் கனத்தை அளந்தார். வால்வு பிஸ்டனை மிக நெருங்குவது முழுதும் திறந்திருக்கும்போது அன்று. புகை வெளியேறி முடிந்து புதுக்காற்று நுழையும் வேளையில், பிஸ்டன் உச்சியை அடுத்து நிற்கும்போதுதான். காற்று வால்வுக்கு 2 மில்லி மீட்டரும், புகை வால்வுக்கு இரண்டரை மில்லி மீட்டரும் இடைவெளி வேண்டுமென்பது கைதேர்ந்தோர் கொள்ளும் பொதுக் கணக்கு. அங்கே அதில் பாதியும் இல்லை.

இவற்றை அவர் சீர்செய்த முறையைக் கண்டபோது எமக்கு நன்னூலின் புணரியல் நினைவுக்கு வந்தது. முன் நிற்பது நிலைமொழி. வந்து சேர்வது வருமொழி. இரண்டும் இயல்பாய்ப் பொருந்தினால் தொல்லை இல்லை. பொருந்தாவிடில் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகை விகாரம் நேரும். வாழையும் பழமும் சேர 'வாழைப்பழம்' என ஓரெழுத்துத் தோன்றுகிறது. பொன்னும் குடமும் சேரப் 'பொற்குடம்' எனத் திரிகிறது. மரமும் வேரும் சேர 'மரவேர்' என ஓரெழுத்துக் கெடுகிறது. அரபு இலக்கணமும் இதை அறியும். 'கவல' என நிற்கவேண்டிய சொல், ஒலி இசையாமையால் 'கால' என்றாகிறது.

மாணவர் செய்ததும் இம்மூன்றே. ஆடிய கேமுக்கு மெல்லிய வாஷர் ஒன்று சேர்த்தார்: தோன்றல். ஸ்பிரிங்கையும் புஷ்ராடுகளையும் மாற்றினார்: திரிதல். பிஸ்டன் தலையில் வால்வுக்கு இடம்விட்டுச் சிறிது செதுக்கச் செய்தார்: கெடுதல். மீண்டும் கையால் சுற்றினார், எங்கும் முட்டவில்லை. அதன் பின்னரே கிக்கரில் கால் வைத்தார்.

சுழலும் தண்டிலுள்ள முளைகள் நெம்புகோல்களை அசைக்கும் நுட்பத்தை, தம் நீர்ப்பொறிகளுக்குப் பயன்படுத்தியவர் அல்ஜஸரீ. இன்று துருக்கியில் தியார்பகிர் எனப்படும் ஆமித் நகரில் வாழ்ந்த அவர், ஐம்பது பொறிகளை விளக்கும் நூலை ஹிஜ்ரி 602இல், அதாவது 1206இல் முடித்தார். டொனால்ட் ஹில் என்பவர் அதை 1974இல் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அந்நூற்பெயரின் முதற்சொல் 'அல்ஜாமிஉ'. ஒன்றுசேர்ப்பது என்பது பொருள். எதை எதனோடு? இல்மை அமலோடு, அறிவைச் செயலோடு. செய்து பாராத தொழிலறிவு மெய்யென்றும் பொய்யென்றும் துணியப்படாமல் நிற்கும் என்பது அவர் கொள்கை. களிமண் அப்பி அளந்த மாணவர் அந்நூலைப் படித்தவரல்லர். ஆயினும் அவ்வழியில் நின்றவரே.

இன்னொன்றையும் கவனித்தோம். புதிய கேமை யாரும் தொடவில்லை. வாஷர் ஏற்றதும், மாறியதும், செதுக்குண்டதும் பழைய எஞ்சினே. மேலே காட்டிய மூன்று சொற்களிலும் பழமும் குடமும் வேரும் வந்தபடியே இருக்கின்றன. விகாரம் நேர்ந்தது நிலைமொழியின் ஈற்றில். நம் இல்லங்களில் மட்டும் புதிதாய் வந்த மருமகள்தான் முழுதும் மாறவேண்டும் என்கிறோம். ஓரிடத்தில் முட்டினால் ஓங்கி மிதிக்கவும் செய்கிறோம். நெடுநாள் நிலைத்து நிற்கும் நாமே, எங்கே முட்டுகிறது என்று பொறுமையாய்ப் பார்த்து, ஒன்று சேர்த்து, ஒன்று மாற்றி, ஒன்று குறைத்துக்கொண்டால், வந்தவர் வலிமை முழுவதும் நம் வீட்டுக்கே கிடைக்கும்.