ஊட்டியில் ஆடிப்பட்டம் இல்லை

ஊட்டிக்கு மாற்றலாகி வந்தபோது எனக்குத் தெரிந்த விவசாயம் எல்லாம் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயம். ஆடிப்பட்டம் தேடி விதை என்று கேட்டு வளர்ந்தவன். வந்த வருஷமே ஆடியில் வீட்டுக் கொல்லையைக் கொத்தி வெண்டை, தக்காளி, பீன்ஸ் மூன்றையும் போட்டேன். இங்கே தென்மேற்குப் பருவமழை கொட்டுகிற காலம் அது. குளிர்ந்த ஈரமண்ணில் வெண்டை முளைக்கவே இல்லை. பீன்ஸ் விதையைத் தோண்டி எடுத்தால் விரலிடுக்கில் கூழாக நசுங்கியது. முளைத்த தக்காளியும் இலை கருகிச் செத்தது.

பக்கத்து வீட்டுப் படகர் பாட்டி இதைப் பார்த்து ஒரு கைப்பிடி பீன்ஸ் விதை கொடுத்தார். வருஷா வருஷம் தன் செடியிலேயே நெற்றாக முற்றவிட்டு எடுத்து வைக்கிற விதை. "இப்ப போடாதே தம்பி. பனி போகட்டும், சித்திரையில போடு" என்றார். சரி என்று தலையாட்டினேன். புரட்டாசியில் பத்து நாள் நல்ல வெயில் அடித்ததும் பொறுக்க முடியாமல் அத்தனையையும் போட்டுவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை. தண்ணீர் தூக்க வேண்டாமே என்று ஓடைப் பக்கம், மதிலோரம் தாழ்ந்த இடத்தில் பாத்தி போட்டிருந்தேன்.

செடிகள் செழித்தன. கார்த்திகையில் நீர்ப்பனி விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. தைரியம் வந்துவிட்டது. மார்கழி பிறந்த வாரம் மேகமும் இல்லை, காற்றும் இல்லை. ஒருநாள் விடிந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியதுபோல் உறைபனி. பீன்ஸ் செடிகள் விறைத்து நின்றன. வெயில் ஏற ஏற இலைகள் வெந்த கீரையாகத் துவண்டன. மத்தியானத்துக்குள் கறுத்துப்போயின. பூவும் பிஞ்சுமாக இருந்த செடிகள்.

இரண்டு நாள் வேலிப் பக்கமே போகவில்லை. அது என் விதை இல்லை, அவர் எத்தனையோ வருஷம் காத்த விதை. மூன்றாம் நாள் போய்ச் சொன்னேன். பாட்டி திட்டவில்லை, வந்து பார்த்தார். "குளிரும் தண்ணி மாதிரிதான் தம்பி, பள்ளத்துக்குத்தான் ஓடும்" என்றார்.

தெளிந்த இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடுகிறது. அதை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துச் சரிவில் இறங்குகிறது. என் மதில் அதற்கு அணை கட்டியதுபோல் நின்றிருக்கிறது. பாட்டியின் பாத்திகள் நடுச்சரிவில் இருந்தன. அவற்றிலும் அந்த மாதத்தில் கேரட்டும் முட்டைக்கோசும் பூண்டும்தான். குளிரில் இந்தச் செடிகள் சர்க்கரையைச் சேர்த்துக்கொள்கின்றன, உறையாமல் தாங்க அது உதவுகிறது. மார்கழிக் கேரட் இனிப்பதற்குக் காரணம் அதுவே.

2,240 மீட்டர் உயரத்துக்கு வேறு கணக்கு. இங்கே உருளைக்கிழங்குக்கு நீர்போகம், கார்போகம், கடைபோகம் என்று மூன்று போகம் சொல்கிறார்கள். நான் அந்தப் பெயர்களையே கேள்விப்படாமல் மண்வெட்டி எடுத்திருக்கிறேன்.

இப்போது என் பாத்திகளும் மேலே ஏறிவிட்டன. மதிலின் அடியில் குளிர்காற்று வெளியேற வழி திறந்திருக்கிறேன். பனிக்காலத்தில் சாயங்காலமே இளஞ்செடிகளை வைக்கோலும் பழைய சாக்கும் போட்டு மூடி, வெயில் வந்தபிறகு எடுக்கிறேன். பாட்டி கொடுத்த இன்னொரு கைப்பிடி விதையைச் சித்திரையில்தான் போட்டேன். அதில் முற்றிய நெற்றில் முதல் படி அவர் வீட்டுக்குப் போனது.

மலைக்குக் குடிவருகிறவர்கள் விதை வாங்குவதற்கு முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எந்த மாதம் பனி விழும், எந்தப் பள்ளத்தில் முதலில் விழும் என்று கேளுங்கள்.