பழைய புல்லட்டுக்கு ஆயில் கூலர் தேவையா?

1/ "டாக்டர், நீங்க புல்லட்டுக்கு ஆயில் கூலர் போட்டிருக்கீங்களாமே, நாங்களும் போடலாமா?"ன்னு நிறைய பேர் இன்பாக்ஸ்ல கேட்டுட்டீங்க. தனித்தனியா பதில் சொல்ல டூட்டி விடாது. அதனால இந்தத் திரெட்.

2/ வண்டி அப்பாவோடது. பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின், 346 சிசி, ஒரே சிலிண்டர். மாசம் ஒருமுறை திருச்சியிலிருந்து மதுரைக்கு அத்தையைப் பார்க்க அதுலதான் போவார். பஸ்ல போங்கன்னா கேட்க மாட்டார்.

3/ போன மே மாசம் விராலிமலை தாண்டினதும் பிஸ்டன் பிடிச்சு பின்சக்கரம் இழுத்திருக்கு. உடனே கிளட்ச்சைப் பிடிச்சதால தப்பிச்சார். வயசு 68. கீழே விழுந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எலும்பு முறிவு வார்டு பார்த்த எனக்குத் தெரியும்.

4/ எல்லாரும் சொன்ன முதல் யோசனை, "கூலர் போடுங்க". ஆனா காய்ச்சல்னு வந்தவருக்குக் காரணம் பார்க்காம பாராசிட்டமால் மட்டும் கொடுத்து அனுப்பினா என்ன வைத்தியம் அது? சூடு அறிகுறி. நோய் வேற.

5/ இன்ஜினைப் பிரிச்சதுல ரெண்டு விஷயம் தெரிஞ்சுது. கார்பரேட்டர் இணைப்புல காத்து கசிஞ்சு, பெட்ரோல் குறைஞ்ச கலவை எரிஞ்சிருக்கு. கான்டாக்ட் பாயின்ட் தேய்ஞ்சு டைமிங் பின்தங்கியிருக்கு. ரெண்டுமே சூட்டை ஏத்தும். தயாரிப்புக் குறை இல்ல, வயசுதான். இதைச் சரி பண்ணி, ரீபோர் செஞ்சு, புது பிஸ்டன் போட்ட பிறகுதான் கூலர் பேச்சே.

6/ கூலர் என்ன செய்யும்? நம்ம உடம்புல உள்ளே உண்டாகிற சூட்டை ரத்தம் சுமந்து தோலுக்குக் கொண்டு வரும். அங்க காத்துல ஆறும். இன்ஜின்ல ரத்தம் ஆயில், தோல் கூலர். ஆயில் ரொம்ப சூடானா நீர்த்துப் போய், உரசுற பாகங்களுக்கு நடுவுல இருக்கிற படலம் மெலிஞ்சிடும்.

7/ எங்கே இணைக்கணும்? இந்த இன்ஜின்ல ரெண்டு பம்ப். ஒண்ணு கிராங்க்குக்கு ஆயில் அனுப்பும். இன்னொண்ணு திரும்பி வர்ற ஆயிலைத் தூக்கி மேல ராக்கருக்கும் அனுப்பும். வெளியே தெரியற ராக்கர் குழாய் வழியிலதான் கூலரைச் சேர்த்தோம். கிராங்க்குக்குப் போற வழியைத் தொடவே கூடாது. அங்க அடைப்பு வந்தா மாரடைப்பு மாதிரி, இன்ஜினே போயிடும்.

8/ மாட்டினதும் ராக்கர் மூடியைத் திறந்து மேலே ஆயில் வருதான்னு பாருங்க. கூலரும் ஹோஸும் கொஞ்சம் ஆயிலைப் பிடிச்சுக்கும். சிறிது நேரம் ஓட்டிட்டு லெவல் பார்த்து நிரப்புங்க.

9/ டிராஃபிக்ல அதிசயம் எதிர்பார்க்காதீங்க. காத்து ஓடினாத்தான் கூலர் வேலை செய்யும். சிக்னல்ல நின்னா ஃபின்னுக்கும் காத்து இல்ல, கூலருக்கும் இல்ல. ஹைவேல தொடர்ந்து ஓட்டுறவங்களுக்குத்தான் பலன். தினமும் நாலு கிலோமீட்டர் கடைக்குப் போறவங்களுக்குத் தண்டச் செலவு.

10/ குளிர்ல உடம்பு தோலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சுக்கும். தெர்மோஸ்டாட் இல்லாத கூலருக்கு அந்தப் புத்தி கிடையாது. ஆயில் எப்பவும் ஆறியே இருந்தா, எரியும்போது உண்டாகிற நீராவி வெளியேறாம ஆயில்ல கலந்து வெண்ணெய் மாதிரி படியும். கொடைக்கானல், ஊட்டி நண்பர்களே, தெர்மோஸ்டாட் வச்சது வாங்குங்க, இல்லைன்னா குளிர்காலத்துல கூலரை மூடி வையுங்க.

11/ இதுதான் முக்கியம்: ஹோஸ். ஆயிலுக்கும் சூட்டுக்கும் தாங்குற ஹோஸ், நல்ல கிளாம்ப். சைலன்சரையோ ஃபிரேமையோ உரசக் கூடாது. ஒற்றை சிலிண்டர் அதிர்வு சும்மா விடாது. ஹோஸ் பிய்ஞ்சு ஆயில் பின் டயர்ல பட்டா, கேஷுவாலிட்டில என்னைத்தான் பார்க்க வருவீங்க. மாசம் ஒருமுறை விரலால தடவி ஈரம் இருக்கான்னு பாருங்க.

12/ சுருக்கமா: முதல்ல கலவை, டைமிங், டாப்பெட் இடைவெளி, நல்ல 20டபிள்யூ-50 ஆயில், சேறு இல்லாத ஃபின். அதுக்கப்புறமும் நீண்ட ஓட்டத்துல சூடு ஏறினா கூலர். அப்பா இப்பவும் மதுரை போறார். ஒரே மாற்றம், துவரங்குறிச்சில நிறுத்தி டீ குடிக்கணும்னு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கேன். இன்ஜினுக்கும் ஓய்வு, முதுகுக்கும் ஓய்வு. மாத்திரையை மறந்தாலும் மறப்பார், அந்த டீயை மட்டும் மறக்கிறதில்ல.