ஆறு வாரம் குடம் தூக்கக் கூடாது!

தரமணியில் தண்ணீர் லாரி ஹாரன் கேட்டதும் அவர் கை தானாகக் குடத்துக்குப் போனது. "அம்மா, வைங்க கீழே!" என்று ஓடி வந்தாள் மகள். மார்பகப் புற்றுநோய்க்குப் பிறகு வைத்த சிலிக்கான் இம்பிளான்ட்டை அகற்றிப் பத்து நாள்தான் ஆகிறது.

2019-ல் அலர்கன் நிறுவனம் தன் சொரசொரப்பான ரக இம்பிளான்ட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அரிதான ஒரு நிணநீர்ப் புற்றுநோய்தான் காரணம். தொந்தரவு இல்லாதவர்கள் அகற்றத் தேவையில்லை என்றது அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இவருக்கோ, சுற்றியிருந்த தழும்புத் திசு இறுகி, கல்லாய் வலித்தது.

காய்ச்சல், வீக்கம், சீழ் என்றால் உடனே வரச் சொல்லியிருந்தார் டாக்டர். அவருடைய பயம் வேறு. ஒரு பக்கம் தட்டையாகிவிட்டதே... கண்ணாடி பார்க்கவே தயக்கம்.

ஏழாவது வாரம் பேத்தியைத் தூக்கினார். நெஞ்சில் சாய்ந்தவள் சொன்னாள்: "பாட்டி, இப்ப குத்தலை!"

அன்றுதான் கண்ணாடி முன் நின்று தலை வாரினார்.