வாய்க்காலோரம், தண்டவாளத்தோரம்

திருச்சி காட்டூருக்குப் பக்கத்தில் இரண்டு பழைய வழிகள் ஓடுகின்றன. ஒன்று உய்யக்கொண்டான் வாய்க்கால். மற்றொன்று திருச்சி - தஞ்சாவூர் ரயில் பாதை. மேற்கே பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிகிற வாய்க்கால், திருச்சி நகரைக் கடந்து, சுமார் 70 கிலோமீட்டர் ஓடி வாழவந்தான்கோட்டை ஏரியில் போய்ச் சேர்கிறது. ரயில் எதிர்த்திசையில், நாகப்பட்டினத்துக் கடற்கரையிலிருந்து தஞ்சாவூர் வழியாக வந்து 1862-இல் திருச்சியைத் தொட்டது. வாய்க்கால் முதலாம் ராஜராஜன் காலத்தது என்பார்கள். அவன் ஆண்டது 985 முதல் 1014 வரை. எட்டரை நூற்றாண்டு இடைவெளியில் பிறந்த இரண்டும் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கின்றன. தஞ்சாவூர் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு இது தெரிய வழியில்லை. நடந்தால்தான் தெரியும்.

விடுமுறை நாட்களில் நான் நடக்கிற வழி இதுதான். ரோட்டை விட்டு உள்தெருக்களில் இறங்கி வாய்க்கால் கரையைப் பிடித்துவிடுவேன். மேட்டூரில் தண்ணீர் திறந்து அது இங்கே வந்துவிட்ட நாட்களில் கரை ஏறும்போதே காற்று மாறும். சில இடங்களில் வீட்டுப் பின்சுவர்கள் கரை வரை நெருங்கி நிற்கின்றன. சில இடங்களில் ஆகாயத்தாமரை தண்ணீரை மூடிக் கிடக்கிறது. அதையும் தாண்டிப் போனால் ஒரு மடை வரும். ஒருநாள் அங்கே வயதான விவசாயி ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மடைவாயில் அடைத்திருந்த பாலித்தீன் பைகளையும் செத்தைகளையும் கையால் அள்ளிக் கரையில் போட்டுக்கொண்டிருந்தார். கடைசிக் கொத்து வந்ததும் தண்ணீர் ஒரு திமிறலோடு உள்ளே பாய்ந்தது. அவர் கரையேறி, வரப்பில் அந்தத் தண்ணீர் போகிற வேகத்துக்கே நடந்து போனார்.

சாக்கடை என்று பலர் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடக்கிற இந்த வாய்க்கால்தான் 30,000 ஏக்கருக்கு மேல் பாசனம் தருகிறது. கழிவுநீர் கலப்பது உண்மை, வேதனையான உண்மை. ஆனாலும் கல்கண்டார்கோட்டைப் பக்கம் நெல் விளைகிறது என்றால் அது இந்தத் தண்ணீரால்தான்.

கரையை விட்டு ஊர்களுக்குள் நடந்து மஞ்சத்திடல் ஸ்டேஷனுக்கு வந்தால் வேறொரு உலகம். பாசஞ்சர் வண்டிகள் மட்டும் நின்று போகிற சின்ன ஸ்டேஷன். தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம். பிளாட்பாரத்தில் நின்றே பார்க்க நிறைய இருக்கிறது. முதலில் அகலப் பாதையாகப் போட்டு, 1870-களில் மீட்டர் கேஜாக மாற்றி, 1990-களில் திரும்பவும் அகலமாக்கி, பிறகு இரட்டைப் பாதையும் ஆக்கிய தடம் இது.

அங்கே தண்டவாளத்தைச் சரிபார்க்கிற கீமேன் ஒருவரைப் பார்த்தேன். கையில் சுத்தியல், தோளில் ஸ்பேனரும் சுருட்டிய கொடிகளும். குனிந்த பார்வையோடு வந்தவர் ஓரிடத்தில் நின்று, தளர்ந்திருந்த கிளிப் ஒன்றை இரண்டு தட்டுத் தட்டி இறக்கினார். மூன்றாவது தட்டு, சத்தத்தைக் கேட்டுப் பார்ப்பதற்கு.

"தினமும் நடக்கணுமா அண்ணே?"

"நடக்காம எப்படிங்க? நேத்து நல்லா இருந்தது இன்னிக்கும் நல்லா இருக்கும்னு யாரு சொன்னா?"

அன்றிலிருந்து இந்த இரண்டு வழிகளையும் நான் அவருடைய கேள்வியோடுதான் பார்க்கிறேன். ரயில் பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் ஆள் உண்டு. அவர் அதை நடந்து பார்த்தாக வேண்டும். மஞ்சத்திடலுக்கு அடுத்த ஸ்டேஷன் பொன்மலை. நாகப்பட்டினத்திலிருந்து மாற்றப்பட்டு 1928 முதல் அங்கே இயங்கும் பணிமனையும் இப்படிப்பட்ட கைகளால்தான் நிற்கிறது. நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்த கைகள் அவை. 1946 செப்டம்பர் 5 அன்று, வேலைநிறுத்தத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் அங்கே ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். ரயிலைப் பற்றிப் பேசும்போது அந்த ஐவரை விட்டுவிட்டுப் பேச எனக்கு மனம் வராது.

வாய்க்காலுக்கும் ஒரு காலத்தில் நடக்கிற ஆட்கள் இருந்தார்கள். ஏரிப் பாசன ஊர்களில் நீர்க்கட்டி. அவருக்குக் கூலியாகக் களத்திலேயே நெல் அளந்தார்கள். அரசு வாய்க்கால்களில் லஸ்கர். மதகைத் திறப்பதும் மூடுவதும் கரையைக் கண்காணிப்பதும் அவர் வேலை. தண்ணீர் வருமுன் ஊரே மண்வெட்டியோடு இறங்குகிற குடிமராமத்து வேறு. லஸ்கர் பணியிடங்கள் சுருங்கின. களத்தில் அளந்த நெல் நின்றது. 2017-இல் அரசு குடிமராமத்தைத் திரும்பக் கொண்டுவந்தபோது பல இடங்களில் தூர் வாரினார்கள், நல்லது. ஆனால் ஆண்டுக்கொரு முறை இயந்திரம் வந்து மண்ணை அள்ளுவதும் ஒரு மனிதர் தினம் கரையில் நடப்பதும் ஒன்றாகிவிடாது. கரையில் விழுகிற முதல் விரிசலையும், தண்ணீருக்குள் திருப்பிவிடப்படுகிற முதல் குழாயையும் இயந்திரம் பார்க்காது.

பாலக்கரைப் பக்கம் போனால் ரயில் பாதைக்கும் வாய்க்காலுக்கும் உள்ள இந்த வித்தியாசத்தைக் கண்ணெதிரே காணலாம். ஜங்ஷனிலிருந்து கோட்டை ஸ்டேஷனுக்குப் போகிற ரயில் பாதை அங்கே உய்யக்கொண்டானைத் தாண்டுகிறது. ரயில்வே பாலங்களுக்கு எண் உண்டு. நீரோட்டத்தின் திசையை அம்புக்குறி இட்டு எழுதுவார்கள்; வெள்ளம் எதுவரை வரலாம் என்று கோடு போட்டு வைப்பார்கள். தன் பாலத்துக்கு அடியில் போகிற தண்ணீரைக்கூட ரயில்வே கணக்கில் வைத்திருக்கிறது. அதே தண்ணீருக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கணக்கு வைக்க ஆள் போதவில்லை.

மாவட்ட ஆட்சியர் அலுவலகம் பக்கம் வாய்க்கால் கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். காலையில் அங்கே நடக்கிறவர்களைப் பார்க்கும்போது சந்தோஷமாக இருக்கிறது. அந்த நடைபாதை காட்டூர் வரை, முடிந்தால் வாழவந்தான்கோட்டை வரை நீள வேண்டும். அதோடு ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருவர் என்று, சம்பளத்தோடு, கீமேனைப் போலவே தினமும் கரையை நடந்து பார்க்கிற ஆட்களை நீர்வளத்துறை வைக்க வேண்டும். கண்ட குறையை அன்றே எழுதி வைக்க அவர்கள் கையில் ஒரு நோட்டும், அந்த நோட்டைப் படித்து நடவடிக்கை எடுக்க ஓர் அதிகாரியும் போதும். ஆயிரம் வருடம் உழைத்த வாய்க்காலுக்கு நாம் செய்ய வேண்டிய செலவு இவ்வளவுதான்.