உறைந்த ஏரியும் உறையாத நீரும்

மட்டக்களப்பு – கல்முனை வீதியில், கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பரப்பில் அமைந்தது களுதாவளை. மணலிற் கிணறு தோண்டி, நீர் இறைத்து, வெற்றிலை வளர்த்தல் அவ்வூரவரின் பழந்தொழில். அங்கே குளிர் என்பது, மார்கழி விடியலில் திருவெம்பாவைக்குச் செல்வோர் ஒரு துவாயைப் போர்த்தியே தாங்கிவிடும் சிறு நடுக்கம்.

அத்தகைய ஊரிற் பிறந்த ஒருவன் 1990களில் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவிற் குடியேறினான். அறுபதாம் அகலக்கோட்டை ஒட்டிய அந்நகரில் மார்கழிப் பகல் ஏறத்தாழ ஆறு மணித்தியாலமே. வேலைக்குப் போகையிலும் இருள், மீள்கையிலும் இருள். சாளரத்தருகே இருந்து பனியைப் பார்த்தானேயன்றி, அதில் அவன் இறங்கினானல்லன். ஊரிலே போரும் வெள்ளமும் உறவினரை அலைக்க, தான் பனியில் விளையாடுதல் தகுமோ என்ற எண்ணம் அவனைத் தடுத்தது.

அந்நகரத்தாரோ மாரியை விருந்தினரைப்போல் வரவேற்பவர். கார்ல் யோகான் வீதியருகே பனித்தளத்திற் சிறுவர் சறுக்குவர். ஹொல்மன்கொல்லன் குன்றிலே சறுக்குப் பாய்ச்சற் போட்டிகள் தொடங்கியது 1892இல். 1952இல் குளிர்கால ஒலிம்பிக் விழாவும் அந்நகரில் நடந்தது. காட்டுச் சறுக்குப் பாதைகளுக்கு மின்விளக்கு இட்டிருப்பதால், இருளும் அவர்களை வீட்டில் இருத்துவதில்லை.

அவனை வெளியே இழுத்தவள் அங்கே பிறந்த மகள். குன்றின் உச்சியிலிருந்து வளைந்திறங்கும் சறுக்குவண்டிப் பாதை ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமானது. இறங்கியவரை மீண்டும் மேலேற்றப் புகைவண்டி உண்டு. முதல் முறை இருவரும் வளைவொன்றிற் கவிழ்ந்து பனியிற் புதைந்தனர். எழுந்தபோது, தான் வாய்விட்டுச் சிரிப்பதை அவன் உணர்ந்தான். அன்று நான்கு முறை ஏறி இறங்கினர்.

அன்றிரவு, சொங்ஸ்வான் ஏரி உறைந்திருப்பதையும் அதன்மேல் மனிதர் நடப்பதையும் தொலைபேசியில் தந்தைக்குச் சொன்னான். வாவியோடு வாழ்ந்த முதியவர் கேட்டார்:

"தண்ணி கல்லாப் போனா மீனெல்லாம் என்ன மனே செய்யும்?"

நான்கு பாகை வெப்பநிலையிலேயே நீர் மிகவும் கனமாகும். ஆதலால் அந்நீர் அடியிற் தங்க, பனிக்கட்டி மேலே மிதக்கும். கீழே மீன்கள் உயிர்வாழும் என்று அவன் விளக்கினான்.

"அப்ப மேலதான் பனி. நீ பிள்ளையக் கூட்டிப்போய் விளையாடு மனே. நாங்க இஞ்ச இருக்கம்தானே."

அடுத்த வாரம் அவன் தனக்கும் ஒரு சோடி சறுக்குக்கட்டை வாங்கினான். விளக்கிட்ட காட்டுப்பாதையில் மகள் முன்னே விரைய, தடுமாறியும் விழுந்தும் எழுந்தும் அவன் பின்தொடரலானான்.