கிளிஞ்சல் கோட்டை

ஊர் பார்க்கப் போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பத்திரப்படுத்திக்கொண்டு போவதுதான் வழக்கம். சென்ற கோடை விடுமுறையில் நாங்கள் வீட்டையே ஓட்டிக்கொண்டு போனோம்.

அமெரிக்காவில் ஆர்.வி. என்று ஒரு வாகனம் உண்டு. முப்பது அடி நீளம். உள்ளே அடுப்பு, குளிர்ப்பெட்டி, ஸ்நான அறை, ஏழு பேர் படுக்க இடம் எல்லாம் அடங்கியிருக்கும். அட்லாண்டா நகரில் உத்தியோகம் பார்க்கும் நம் மைத்துனர் அப்படி ஒன்றை ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுத்தார். அவர், அவர் மனைவி, பத்து வயதுப் பையன், நாம், நம் மனைவி, பன்னிரண்டு வயதுப் பெண், எல்லோருக்கும் மேலாக நம் மாமியார் என்று ஏழு ஜீவன்கள் அதில் ஏறிக்கொண்டோம். போன இடம் புளோரிடாவின் கீழைக் கடற்கரையிலுள்ள செயின்ட் அகஸ்டின்.

வீட்டு வண்டியின் சுகத்தைப் பற்றி விளம்பரங்கள் சொல்வதெல்லாம் மெய்தான். சொல்லாமல் விடுவதும் சில உண்டு. வண்டி திரும்பும்போதெல்லாம் அலமாரி திறந்து கொள்ளும். சாம்பார்ப் பொடி டப்பா நம் தலையைக் குறி பார்த்து வரும். கழிவுத் தொட்டி நிரம்பினால், அதற்கென்று அமைந்த இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய்க் குழாய் மாட்டி இறக்க வேண்டும். அந்தக் கைங்கரியம் ஏகமனதாக நமக்கு ஒதுக்கப்பட்டது. வண்டி ஓட்டத் தெரியாதவன் வேறு எதற்குப் பயன்படுவான்?

பிரயாணத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. மைத்துனரின் பையனுக்குத் தமிழ் ஓரளவு புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில்தான் வரும். மாமியாருக்கோ ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. பாட்டி, "கண்ணா, பசிக்கிறதா?" என்பாள். அவன் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொல்வான். பாட்டி சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். நானூறு மைல் இப்படியே கடந்தது.

அனஸ்டேஸியா தீவிலுள்ள அரசாங்க வனத்தில், கருவாலி மரங்களின் கீழ் வண்டியை நிறுத்தினோம். கிளைகளில் சாம்பல் நிறப் பாசி சடை சடையாகத் தொங்கியது. பக்கத்து வண்டிக்காரர் நாற்காலி போட்டுப் பத்திரிகை படித்துக் கொண்டிருந்தார். எங்கள் குக்கர் முதல் விசில் அடித்தபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

மறுநாள் காலை மைத்துனர் வண்டியோடு பழைய நகருக்குள் புகுந்து பார்த்தார். விளைவைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஸ்பானியர் அந்தத் தெருக்களைக் குதிரைக்காகவும் நிழலுக்காகவும் அமைத்தார்கள். முப்பது அடி வீட்டுக்காக அமைக்கவில்லை. குழந்தைகள் பின்னால் நின்று கைகாட்ட, ஒரு குதிரை வண்டி பொறுமையாகக் காத்திருக்க, அரை மணி நேரம் பின்னோக்கி ஊர்ந்து வெளியேறினோம். வீட்டைத் தீவிலேயே விட்டுவிட்டு, 1927-இல் திறக்கப்பட்ட சிங்கப் பாலத்தின் வழியாக வாடகைக் கார்களில் திரும்பி வந்தோம்.

நாம் இருபது வருஷமாகச் சரித்திரம் கற்பிக்கிறவர். அமெரிக்காவில் ஐரோப்பியர் குடியேறிய கதையை 1607-இல் ஆங்கிலேயர் நிறுவிய ஜேம்ஸ்டவுனிலிருந்து தொடங்குவதே நம் பழக்கம். ஆனால் பெட்ரோ மெனண்டஸ் என்ற ஸ்பானியத் தளபதி செயின்ட் அகஸ்டினை நிறுவியது 1565-இல். ஆங்கிலேயர் தாம் வந்த நாளிலிருந்து கதையை ஆரம்பித்தார்கள். நாமும் அவர்கள் புத்தகத்தையே ஒப்பித்து வந்திருக்கிறோம். நம் நாட்டுச் சரித்திரத்தில் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த நமக்கு, அடுத்தவன் நாட்டுச் சரித்திரத்தில் தெரியாமல் போயிற்று!

மெனண்டஸும் சாது அல்லர். வந்த வருஷமே, புயலில் கப்பல் உடைந்து கரையேறிச் சரணடைந்த பிரெஞ்சுக்காரர்களில் இருநூறு பேருக்கு மேல் வெட்டிக் கொன்றார். அந்தக் கடற்கழிக்கு இன்றும் மட்டான்ஸாஸ் என்றே பெயர். ஸ்பானிய மொழியில் அதற்கு 'படுகொலைகள்' என்று பொருள். பெயர் அப்படி, தண்ணீரோ காலை வெயிலில் பட்டுப்போல மின்னியது.

கோட்டை அந்தக் கழிக்கரையில் நிற்கிறது. காஸ்டில்லோ டி சான் மார்க்கோஸ் என்பது அதன் பெயர். அதற்கு முன் கட்டிய மரக் கோட்டைகள் எல்லாம் உளுத்தும் எரிந்தும் போயின. 1668-இல் ஆங்கிலக் கொள்ளைக் கப்பல் ஒன்று வந்து ஊரைச் சூறையாடிய பிறகுதான் ஸ்பெயின் தேச ராணி கல்லுக்குப் பணம் கொடுத்தாள். 1672-இல் தொடங்கிய வேலை 1695-இல் முடிந்தது. பழங்குடி மக்கள், கைதிகள், அரசனுக்குச் சொந்தமான நீக்ரோ அடிமைகள் ஆகியோரின் தோள்கள் சுமந்த கோட்டை அது.

கல் என்றோம். அது கல்லே அல்ல. நாங்கள் தங்கியிருந்த அதே தீவின் நிலத்தடியிலிருந்து வெட்டியெடுத்த, கிளிஞ்சல் கட்டி இறுகிய பாளம். விரல் நகமளவுச் சிப்பிகள் கோடிக்கணக்கில் சேர்ந்து தம் சுண்ணாம்பினாலேயே ஒட்டிக்கொண்டவை. கோக்கினா என்கிறார்கள். பூமிக்குள் இருக்கும்போது ஈரமாக, மெதுவாக இருக்கும். வெட்டி வெளியே போட்டு, மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் காயவிட்ட பிறகே கட்டடத்துக்கு ஆகும். இந்தச் சிப்பிப் பாளம் பீரங்கிக்குத் தாங்குமா என்று கட்டினவர்களுக்கே நிச்சயமில்லை.

1702-இல் கரோலினாவிலிருந்து ஆங்கிலேயர் படையெடுத்து வந்தார்கள். ஊர் ஜனங்களும் சிப்பாய்களுமாக ஆயிரத்தைந்நூறு பேர், ஏறக்குறைய ஐம்பது நாள், இந்த நாலு சுவருக்குள் அடைந்து கிடந்தார்கள். 1740-இல் ஜியார்ஜியாவிலிருந்து மறுபடியும் முற்றுகை. கருங்கல்லாக இருந்தால் குண்டு பட்ட இடம் தெறித்துப் பிளந்திருக்கும். கிளிஞ்சல் சுவரோ உள்ளே ஆயிரம் இடைவெளிகள் உள்ளதாகையால் நெகிழ்ந்து கொடுத்தது. குண்டுகள் ஈரக் களிமண்ணில் எறிந்த கல்லைப்போலப் புதைந்து நின்றன. சண்டை போட்டு இந்தக் கோட்டையைப் பிடித்தவர் எவருமில்லை. பிரிட்டிஷாருக்கு 1763-இலும், அமெரிக்கருக்கு 1821-இலும் அது உடன்படிக்கையினாலேயே கைமாறிற்று.

கோட்டையைக் காட்டிய பெண்மணி, கல்லிடைச் சாந்து எப்படிச் செய்தார்கள் என்று விளக்கினார். பாட்டிக்கு மொழிபெயர்த்துச் சொல்லும்படி மைத்துனர் தம் பையனை ஏவினார். அவன் திணறினான். "பாட்டி, இது... கடல்ல இருக்குமே... அதோட வீடு... நெருப்பில போட்டு..." என்று கையால் குவித்துக் காட்டினான். பாட்டி முகம் மலர்ந்துவிட்டது. "கிளிஞ்சல் சுண்ணாம்பு என்று சொல்லேன்! எங்கள் ஊரில் சூளையில் போட்டுச் சுட்டு எடுப்பார்கள். எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் அதுதான்" என்றாள். பையன் அதை ஆங்கிலமாக்கி அந்தப் பெண்மணிக்குச் சொன்னான். அவர் பாட்டிக்குக் கைகூப்பினார்.

இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ஆங்கிலேயர் தோட்டங்களிலிருந்து ஓடி வரும் அடிமைகள் கத்தோலிக்க மதத்தைத் தழுவினால் விடுதலை பெறுவர் என்று 1693-இல் ஸ்பெயின் அரசர் ஆணையிட்டார். அப்படி வந்தவர்களுக்காக 1738-இல் நகருக்கு வடக்கே இரண்டு மைல் தூரத்தில் மோஸே என்ற கிராமமும் சிறு கோட்டையும் எழுந்தன. சுதந்திரமான கறுப்பு மக்களுக்கென்று இன்றைய அமெரிக்க எல்லைக்குள் சட்டபூர்வமாக ஏற்பட்ட முதல் ஊர் அதுவே. அரசரின் கருணையில் தந்திரம் பாதி. எதிரியின் வேலையாட்கள் தன் போர்வீரர்கள் ஆனார்களே! அவர் தம்முடைய அடிமைகளை விடுவித்துவிடவும் இல்லை. ஆனாலும் சதுப்பு நிலங்களில் ஒளிந்து தெற்கே நடந்தவர்களுக்கு, இங்கே வந்து சேர்ந்தபின் கால்விலங்கு இல்லை.

அந்த நிழலிலேயே நின்றுவிட்டிருந்தால் பிரயாணம் சந்தோஷமாக முடிந்திருக்கும். சுவரை ஒட்டிய வளைவு மண்டபங்களுக்குள் நுழைந்தோம்.

1875-இல், மேற்குச் சமவெளிகளில் வாழ்ந்த ஷெயேன், கையோவா முதலிய குலத்தவரில் எழுபதுக்கு மேற்பட்டவர்களை, விசாரணை என்று ஒன்று இல்லாமலே, சங்கிலியிட்டு ரயிலேற்றி இங்கே கொண்டுவந்து அடைத்தார்கள். மூன்று வருஷம் கைதிகள். மேற்பார்த்த பிராட் என்ற ராணுவ அதிகாரி கொடூரமானவர் அல்லர், அதுதான் விஷயம். சங்கிலியைக் கழற்றச் செய்தார். நீண்ட முடியை வெட்டி, சிப்பாய் உடுப்பு மாட்டிவிட்டார். ஊர்ப் பெண்மணிகளை வரவழைத்து ஆங்கிலம் கற்பித்தார். டாம் மாமாவின் கதையை எழுதிய ஹாரியட் ஸ்டோவ் அம்மையார் வந்து பார்த்து மனமகிழ்ந்து பத்திரிகையில் எழுதினார். இந்த வெற்றியினால் ஊக்கமடைந்த பிராட், 1879-இல் பென்ஸில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் பழங்குடிக் குழந்தைகளுக்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தார். 1918 வரை அது நடந்தது. தாய்மொழி பேசினால் அங்கே தண்டனை. அதைப் பார்த்து நாடெங்கும் அத்தகைய பள்ளிகள் தோன்றின. 1886-87-இல் ஏறக்குறைய ஐந்நூறு அப்பாச்சிகளைக் குடும்பத்தோடு இதே கோட்டையில் சிறைவைத்தபோது, அவர்கள் குழந்தைகளில் பலரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கார்லைலுக்கு அனுப்பினார்கள். வீடு திரும்பாமல் அந்தப் பள்ளி மயானத்திலேயே புதைக்கப்பட்ட குழந்தைகள் நூற்றுக்கு மேல்.

கைதிகளுக்குப் பொழுதுபோகக் காகிதமும் வர்ணமும் கொடுத்தார்களாம். கடையில் விற்கும் கோடு போட்ட கணக்குப் புத்தகங்களில் அவர்கள் சித்திரம் தீட்டினார்கள். எருமை வேட்டை, குதிரை, தாங்கள் ஏற்றப்பட்ட ரயில் எல்லாம் அதில் இருந்தன. பிரதிகளைப் பார்த்தோம். வரவு செலவு எழுத வேண்டிய கோடுகளுக்கு மேலே குதிரைகள் பாய்கின்றன.

நம் பெண் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "கணக்கு நோட்டு என்றால், உங்களிடம் இருக்குமே அப்பா, அந்த மாதிரியா?" என்று கேட்டாள்.

வேறு யாருக்கும் அது புரியவில்லை. நாம் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில், வளாகத்துக்குள் ஆங்கிலந்தான் பேச வேண்டும் என்று ஒரு விதி. தமிழ் பேசிப் பிடிபட்டால் தடவைக்கு ஐந்து ரூபாய் அபராதம். எட்டாம் வகுப்புக்கு அந்த நோட்டு நம் மேஜையில் இருக்கிறது. பெயர், தேதி, தொகை. கடைசிப் பத்தியில் நம் கையெழுத்து. நம் பெண்ணும் அதே பள்ளியில் படிக்கிறவள்.

சங்கிலி எங்கே, ஐந்து ரூபாய் எங்கே? பெற்றோர்கள் விரும்பித்தானே பணம் கட்டிச் சேர்க்கிறார்கள்? குழந்தை மாலையில் வீடு திரும்பித் தமிழ்தானே பேசுகிறது? இப்படியெல்லாம் மனத்துக்குள் வாதாடிக் கொண்டே வெளியே வந்தோம். வாதங்களில் ஒன்றும் பொய்யில்லை. ஆனால் ஒரு வெயில் மத்தியானம் பூராவும் வாதாட வேண்டியிருந்தது.

மற்ற காட்சிகளை அரை மனத்தோடு பார்த்தோம். செல்வர் பிளாக்லர் 1888-இல் திறந்த மாபெரும் ஹோட்டல் இப்போது கல்லூரியாக இருக்கிறது. ஆடம்பரம் கண்ணைப் பறிக்கிறது, அவ்வளவே. ஊர் நடுவிலுள்ள சதுக்கத்தில்தான் சற்று நேரம் உட்கார்ந்தோம். 1964-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் தொண்டர்கள் இங்கே இரவில் ஊர்வலம் வந்து அடிபட்டார்கள். ஜூன் 11-ஆம் தேதி, வெள்ளையருக்கு மட்டுமான ஒரு விடுதிச் சாப்பாட்டு அறையில் இடம் கேட்டதற்காகக் கிங்கே கைது செய்யப்பட்டார். சில நாட்களில் அந்த விடுதியின் நீச்சல் குளத்தில் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குதித்தபோது, நிர்வாகி தண்ணீரில் அமிலத்தை ஊற்றினார். ஜூலை 2-ஆம் தேதி சம உரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1959-இல் நம் நாட்டுக்கு வந்து காந்தி சமாதியில் வணங்கிச் சென்றவர் கிங் என்று நம் பெண்ணிடம் சொன்னோம். "அவர் அடித்தவர்களைத் திருப்பி அடிக்கவே இல்லையா?" என்று மைத்துனரின் பையன் கேட்டான், ஆங்கிலத்தில். இல்லை என்றோம், தமிழில். அவனுக்குப் புரிந்தது.

இரவு வீட்டு வண்டிக்குத் திரும்பினோம். நாம் கையுறை மாட்டிக்கொண்டு நமக்குரிய பணியை முடித்துவிட்டு வந்தபோது, சாப்பாட்டு மேஜையில் பாட்டியும் பேரனும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மாலையில் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல்கள் குவியலாகக் கிடந்தன. பாட்டி பால், ரொட்டிச் செலவு எழுதும் சிறு நோட்டில், அவள் கணக்குக்கு மேலேயே, பையன் கோட்டையை வரைந்துகொண்டிருந்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பெயர் கேட்டான். மதில் என்றாள், அகழி என்றாள். அகழி அவன் வாயில் அகலியாயிற்று. "நாக்கை மடி, கண்ணா" என்று பாட்டி தன் வாயைத் திறந்து காட்டினாள். எங்களையெல்லாம் அவர்கள் கவனிக்கவே இல்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. முதல் வாரமே தலைமையாசிரியரிடம் போய், இந்த வருஷம் அந்த நோட்டை நாம் வைத்துக் கொள்வதற்கில்லை என்று சொன்னோம். ஏன் என்று அவர் கேட்டார். இடைவேளை பதினைந்து நிமிஷம். புளோரிடாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது. கிளிஞ்சல் சுவர் வரையில் வருவதற்குள் மணி அடித்துவிட்டது. நோட்டு இன்னும் அவர் மேஜைமேல்தான் இருக்கிறது.