பிஎஸ் 5-ஆ, எக்ஸ்பாக்ஸா?

வடசேரில வச்சு அக்கா மவன் கேட்டான்.
"மாமா, எத வாங்கட்டும்?"

கணக்குன்னு பாத்தா எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ்தான் மேல, மக்களே.
அதுக்க கிராஃபிக்ஸ் சக்தி 12 டெராஃப்ளாப். பிஎஸ் 5 பத்தேகால்.
ஆனா பிஎஸ் 5-க்க எஸ்எஸ்டி வினாடிக்கு 5.5 ஜிபி ஓடும், மத்தது 2.4 தான்.
ரெண்டுலயும் ஏஎம்டி சிப்பு, 16 ஜிபி மெமரி. ரெண்டும் வந்தது 2020 நவம்பர்ல.
டிவில பாத்து வித்தியாசம் சொல்லது பெரும்பாடு.

கேம்லதான் விஷயமே இருக்கு.
ஆஸ்ட்ரோ பாட் வேணும்னா சோனிட்டதான் போணும்.
எக்ஸ்பாக்ஸுக்க ஃபோர்ஸா ஹொரைசன் 5-ஓ, 2025-ல பிஎஸ் 5-க்கும் வந்தாச்சு.

எனக்கு உயிரு 'ராஜி'ங்குற கேம்.
புனேல உள்ள பிள்ளைய செஞ்சது. தம்பியத் தேடிப் போற ஒரு பிள்ளைக்க கதை.
2020-ல அது முதல்ல வந்தது நிண்டெண்டோ ஸ்விட்ச்ல. இந்த ரெண்டையும் விட சக்தி ரொம்பக் கம்மியான பெட்டி.
விளையாடும்போ டெராஃப்ளாப் நெனப்பே வரல.

அவன்ட்ட சொன்னேன்: "ஒனக்க கூட்டுக்காரனுவ எதுல விளையாடுதானுவளோ, அத வாங்கு."

நாரோயில்ல ரெண்டையும் வச்சிருக்கவிய உண்டா?
நீங்க அவனுக்கு என்ன சொல்லுவிய?